ஸ்மார்ட் போர்டைப் போடத் தெரியும், அப்புறம்?

2011 செப்டம்பரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து எண்ணினால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குப் புதிதாக ஏதாவது ஒரு கருவியோ செயலியோ வந்துகொண்டேதான் இருக்கிறது. 2018இல் புதிய பாடநூல்கள் கியூஆர் கோடோடு வந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. ஏறத்தாழ அதே சமயத்தில் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மதிப்பீடுகூட ஆசிரியரின் போனுக்குள் போய்விட்டது. 2023இல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி செயலி. அதற்கடுத்து 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்களும்.

கருவி முதலில் போனது மாணவர் கைக்கு. அப்புறம் லேப் என்ற பெயரில் பள்ளியின் ஓர் அறைக்கு. ஆசிரியர் கைக்கு வர பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. அதை வைத்து நாளைக்கு மூன்றாவது பீரியடில் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. அது ஆசிரியர் பாடு என்று விட்டுவிட்டார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பாட்டைப் பற்றியது.

வடசென்னையில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கம் மாநகராட்சிப் பள்ளிகள் அதிகம். அவற்றின் நடுநடுவே அரசு உதவி பெறும் பழைய பள்ளிகள். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் உள்ளே வந்தன. ஆனால் அங்கிருந்த பள்ளிகள் ரொம்ப நாள் மாநிலக் கல்வித் துறையிடமே இருந்தன. அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்குக் கருவி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை, பயிற்சிக்கான சுற்றறிக்கையும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஒன்றிய அரசின் சிட்டிஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில், பிரெஞ்சு வளர்ச்சி நிறுவனத்தின் நிதி உதவியோடு, மாநகராட்சி 28 பள்ளிகளை எடுத்துச் சீரமைத்தது. அதில் வந்த பள்ளியில் ஒரு மாதிரி, வராத பள்ளியில் வேறு மாதிரி. உதவி பெறும் பள்ளியில் பெரும்பாலும் பழைய மாணவர் சங்கமோ, யாராவது புண்ணியவானோ வாங்கிக் கொடுத்த புரொஜெக்டர். ஆக, "வடசென்னை ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தில் பின்தங்கியிருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் யாராவது சொன்னால், எந்தப் பள்ளி, எந்த நிர்வாகம் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

மாநகராட்சிக்கு இந்த ஆசை புதிதும் அல்ல. 1930இல் சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒரு வானொலி ஒலிபரப்பையே நடத்தத் தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அதில் நிகழ்ச்சியும் இருந்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் அது நின்றது. பெட்டியை வகுப்பறைக்குள் வைத்தால் பாடம் நடந்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் தொண்ணூறு வருஷம் பழசு என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஆசிரியர் எப்படிக் கற்றுக்கொள்கிறார்? வழக்கமான வழி சிஆர்சி என்று எல்லோரும் சொல்லும் குறுவள மையப் பயிற்சி. பெரும்பாலும் சனிக்கிழமை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு ஹாலில் உட்கார்வார்கள். ஆசிரியர் பயிற்றுநர் மேலிருந்து வந்த பிபிடியைப் போட்டுக் காட்டுவார். செயலியை எப்படி இறக்குவது, எந்த ஐடியில் லாகின் செய்வது, போர்டில் பேனாவின் நிறத்தை எப்படி மாற்றுவது, வீடியோவை எங்கே தேடுவது. மதியம் பின்னூட்டப் படிவம், வருகைப் பதிவு, அப்புறம் பஸ். அங்கே சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. தமிழாசிரியர், கணக்கு ஆசிரியர், அறிவியல் ஆசிரியர் மூவருக்கும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

இது ஏன் போதாது என்பதற்குக் கல்வி ஆய்வில் ஒரு விளக்கம் இருக்கிறது. 1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒன்று சொன்னார். பாடத்தைத் தெரிந்து வைத்திருப்பது ஒன்று, பாடம் நடத்தத் தெரிவது இன்னொன்று, இந்தக் குறிப்பிட்ட பாடத்தை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது என்று தெரிவது மூன்றாவது. மூன்றாவதுதான் ஆசிரியரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. பின்னத்தைக் கூட்டும்போது பிள்ளைகள் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிடுவார்கள் என்று கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குத் தெரியும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் இந்த யோசனையோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். கருவியைத் தனியாகக் கற்றுக்கொடுத்தால் அது தனியாகவே நின்றுவிடும். பாடம், நடத்தும் முறை, கருவி மூன்றும் சந்திக்கிற இடத்தில்தான் ஆசிரியருக்கு வேண்டிய அறிவு இருக்கிறது. இந்தச் சட்டகத்தைக் கல்வியியல் படித்தவர்கள் டீபேக் (TPACK) என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருப்பார்கள். அதில் வரும் மூன்று வட்டப் படத்தை வரையத் தெரிந்தவர்கள் நிறைய. அதை வைத்து ஒரு பீரியடைத் திட்டமிட்டவர்கள் குறைவு.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் அலைகளால் உண்டாகும் நிலத்தோற்றங்கள் வரும். கடல் ஓங்கல், கடல் வளைவு, கடல் தூண், மணல் திட்டு. காசிமேட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியில் எனக்குத் தெரிந்த சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் இதை முதல் வருஷம் திரையில் நடத்தியது ஒரு வீடியோ மூலம். அழகான வீடியோ. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரை, வெள்ளைப் பாறை, பச்சைப் புல், பின்னணியில் இசை. பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள். கேள்வி கேட்டால் பெயர்களைச் சொன்னார்கள். பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம்கூட அந்த வகுப்பில் வாயைத் திறந்து வெளியே வரவில்லை.

அடுத்த வருஷம் அவர் வீடியோவை விட்டுவிட்டு கூகுள் எர்த்தை எடுத்தார். பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாகப் பார்க்க அதில் ஒரு வசதி இருக்கிறது. பள்ளியில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து மெரினாவிலிருந்து எண்ணூர் வரையிலான கரையை வேறு வேறு ஆண்டுகளில் படமாக எடுத்து பெண்டிரைவில் போட்டுக்கொண்டார். வகுப்பில் முதலில் போர்டைப் போடவில்லை. சாக்பீஸால் கரையை ஒரு கோடாக வரைந்து, நடுவில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டி வைத்து, "கரையோரமா மணல் தெற்கேருந்து வடக்கே நகருது. இங்க சுவர் வெச்சாச்சு. இப்ப எந்தப் பக்கம் மணல் சேரும், எந்தப் பக்கம் கடல் உள்ளே வரும்? நோட்டுல எழுதுங்க" என்றார். எழுதி முடித்த பிறகுதான் திரை. தெற்கே மெரினா எவ்வளவு அகலம், வடக்கே ராயபுரம் கரை எவ்வளவு ஒடுக்கம், பாறாங்கல் கொட்டிய இடம் எது, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய, கடலுக்குள் விரல் நீட்டினாற்போல் தெரிகிற தூண்டில் வளைவுகள் எவை. வளைவு கட்டிய பிறகு இரண்டு கல் வரிசைக்கு நடுவில் மணல் தேங்கியிருப்பது படத்தில் நன்றாகத் தெரியும். சில நிமிடங்கள்தான், திரையை அணைத்துவிட்டார். "மிஸ், எங்க ஆயா வூடு இருந்த எடம் இப்ப கல்லு மிஸ்" என்று ஒரு பையன் ஆரம்பித்தான். அதற்கப்புறம் வகுப்பை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

இதில் அவர் கற்றுக்கொண்டது கூகுள் எர்த்தை மட்டும் என்று நினைத்தால், விஷயத்தை விட்டுவிட்டோம் என்று பொருள். அந்தக் கருவியால் எதைக் காட்ட முடியாது என்பதையும் அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் படத்தை ஓடவிட்டுப் பார்க்கும் டைம்லேப்ஸ் வசதி 1984இல்தான் தொடங்குகிறது. துறைமுகம் கட்டத் தொடங்கியதோ 1870களின் நடுவில். மெரினா வளர்ந்த கதை எந்தச் செயற்கைக்கோளிலும் இல்லை. அதைக் கரும்பலகையும் பழைய வரைபடமும்தான் சொல்ல வேண்டும். எங்கே போர்டு, எங்கே சாக்பீஸ், எங்கே பிள்ளைகளின் வாய் என்று பிரிக்கிற அந்தத் தீர்மானத்தை எந்த சிஆர்சியும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அது அந்த ஒரு பாடத்துக்கும் அந்த ஒரு கரைக்கும் உரியது.

கணக்கில் இதற்கு இணையானது ஜியோஜீப்ரா. இலவச மென்பொருள், இணையம் இல்லாமலும் ஓடும். நம் கணக்குப் புத்தகத்திலேயே பாடத்தின் கடைசியில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு பக்கம் கொடுத்து, அதில் பல இடங்களில் ஜியோஜீப்ராவுக்குத்தான் இணைப்பு தந்திருக்கிறார்கள். கடைசியில் இருப்பதாலேயே அது விட்டுப்போகிறது. போர்ஷன் முடிந்ததா என்று எச்.எம். கேட்கும்போது பயிற்சிக் கணக்கு முடிந்ததா என்றுதான் அர்த்தம். இதைப் பயன்படுத்துகிற ஆசிரியர்களிலும் இரண்டு வகை உண்டு. அரைவட்டத்தில் புள்ளியை நகர்த்தி, "பாருங்க, எங்க வெச்சாலும் 90 டிகிரி" என்று காட்டுகிறவர் ஒருவர். நகர்த்துவதற்கு முன் "இப்ப கோணம் கூடுமா, குறையுமா?" என்று கேட்டு, கூடும் என்பவர்களைக் கை தூக்கச் சொல்லி, அப்புறம் நகர்த்துகிறவர் இன்னொருவர். மென்பொருள் ஒன்று, சொடுக்கும் ஒன்று. பிள்ளை தான் நினைத்தது தப்பு என்று கண்ணால் பார்க்கும் அந்த நொடி இரண்டாவது வகுப்பில் மட்டும்தான் கிடைக்கிறது.

கருவி பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஓய்வு பெறப் போகிற ஒரு கணக்கு ஆசிரியர் போன் கேமராவைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பிள்ளைகள் கணக்குப் போடும்போது வரிசையாக நடந்து வருவார். சுவாரஸ்யமான தப்பு எங்காவது தெரிந்தால் பெயர் விழாமல் அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து போர்டில் போடுவார். "இதுல எந்த வரி வரைக்கும் சரி?" என்பதுதான் கேள்வி. மொத்த வகுப்பும் அந்த வரியைத் தேடும். ஸ்மார்ட் வகுப்பறைக்காகச் செலவழித்த பணத்துக்கு இதைவிட நல்ல வரவு எனக்குத் தெரிந்து இல்லை. வயசானவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்று பேசுகிறார்களே, அதை நான் ஏற்பதில்லை. பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்று முப்பது வருஷமாகப் பார்த்தவருக்குக் கருவியை எங்கே வைப்பது என்பது சீக்கிரம் பிடிபடும். பட்டனை அமுக்க ஒரு வாரம் கூட ஆகும், அவ்வளவுதான். இளையவர்களுக்குப் பட்டன் தெரியும், இடறுகிற இடம் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் இரண்டு பேருக்கும் லாபம்.

அப்படியானால் ஸ்டாஃப் ரூமில் தொழில்நுட்பம் என்றதும் முகம் சுளிப்பது ஏன்? அதற்குக் காரணம் எமிஸ். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்பது முழுப் பெயர், யாரும் அப்படிச் சொல்வதில்லை. காலையில் வருகைப் பதிவு, மாணவர் விவரம், விலையில்லாப் பொருள் விவரம், மதிப்பீடு எல்லாம் போனில் ஏற்ற வேண்டும். சர்வர் மெதுவாக இருக்கும் காலை நேரத்தில் ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்த்துப் பல முறை குரல் கொடுத்து, பதிவு வேலையில் ஒரு பகுதியை வேறு ஆட்களிடம் மாற்றும் ஏற்பாடுகளும் வந்தன. ஆனால் ஒரு தலைமுறை ஆசிரியர்களுக்குக் கருவியோடு ஏற்பட்ட முதல் உறவு மேலே கணக்குக் காட்டும் உறவு. பாடம் நடத்த உதவுகிற பொருளாக அதை அவர்கள் சந்தித்தது அதற்கப்புறம்தான்.

கொரோனா காலமும் இதில் ஒரு பங்கு வகித்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறக்க 2021 நவம்பர் 1 ஆனது. வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளையின் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும். ஆசிரியர்கள் அந்தக் காலத்தில் தாங்களாகவே நிறையக் கற்றுக்கொண்டார்கள். குரல் பதிவு செய்ய, பிடிஎஃப் ஆக்க, கூகுள் படிவத்தில் தேர்வு வைக்க. யாரும் பயிற்சி என்று பெயர் வைக்காத பெரிய பயிற்சி அது. ஆனால் கற்றுக்கொண்டதெல்லாம் பாடத்தைத் தூரத்துக்கு அனுப்புகிற வித்தை. பிள்ளைகள் எதிரே வந்து உட்கார்ந்த பிறகு அதில் பாதிக்கு வேலை இல்லை. இருந்தும் பழக்கம் தொடர்ந்தது. எதிரில் இருக்கிற பிள்ளைக்கு வீடியோவைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்கிற வகுப்புகளை இன்றும் பார்க்கலாம்.

கட்டடப் பிரச்சினைகளையும் சொல்ல வேண்டும், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. கடற்கரையோரப் பள்ளிகளில் உப்புக் காற்றில் பிளக் பாயிண்டும் கேபிள் முனையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். திரைச்சீலை இல்லாத ஜன்னலில் பதினோரு மணி வெயில் வந்தால் புரொஜெக்டர் படம் வெளுத்துவிடும். பெரிய டிவி போன்ற பேனல் என்றால் தேவலாம். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய பள்ளி என்றால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிச் சத்தத்தில் பேனலோடு வந்த ஸ்பீக்கர் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்கார வைக்கிற பள்ளியில் வீடியோ எந்த மொழியில் என்பதே ஒரு தீர்மானம். சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டி, தானே பேசுவதுதான் பலர் கண்டுபிடித்த வழி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. குரல் ஆசிரியருடையதாக இருந்தால் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி இங்கே கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. வினாத்தாள் தயாரிக்க, பாடக்குறிப்பு எழுத ஆசிரியர்கள் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒரே கணக்கை எண் மாற்றிப் பத்தாகப் பெருக்க அது நல்ல உதவி. தமிழ் இலக்கணக் குறிப்பு கேட்டால் தப்பையும் துணிச்சலாகச் சொல்லும். சரிபார்க்கத் தெரிந்தவர் கையில் மட்டும்தான் அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

இதற்கு எந்த மாதிரிப் பயிற்சி உதவும்? என் கணிப்பில், பாடவாரியாகப் பிரித்த சின்னக் குழு. தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் நடத்துகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, இந்தப் பருவத்தில் திரை தேவைப்படுகிற பாடங்கள் எவை என்று முதலில் பட்டியலை வெட்ட வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். எடுத்துக்கொண்ட பாடத்தை ஒருவர் தன் வகுப்பில் நடத்த, இன்னொருவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், போர்டைப் பார்க்கக் கூடாது. எந்த நிமிடத்தில் பேசினார்கள், எந்த நிமிடத்தில் வாய் மூடினார்கள் என்று குறித்து வந்து பேசினால் போதும். இதற்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஆசிரியரை ஒரு பீரியடுக்கு விடுவிக்க வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் அந்த ஒரு பீரியட் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

இன்னொரு தடை பார்வைக்கு வருகிறவர்களின் கேள்வி. ஸ்மார்ட் போர்டைப் பயன்படுத்துகிறீர்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், அதிக நேரம் ஓடியதுதான் நல்ல வகுப்பு என்று ஆசிரியர் புரிந்துகொள்வார். கடல் அரிப்பு வகுப்பில் திரை ஓடியது சில நிமிடம்தான். அந்தக் கணக்கில் அது மோசமான வகுப்பு. அந்த ஆசிரியை இப்போது எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்த இடங்களையும், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தையும் அதே முறையில் படமெடுத்து வைத்திருக்கிறார். திருவொற்றியூரில் இருக்கும் இன்னொரு பள்ளியின் ஆசிரியர் பெண்டிரைவோடு வந்து வாங்கிப் போனார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்கள் வேறு என்பதால், படங்களில் பாதியை அவர் மாற்ற வேண்டியிருக்கும்.